கிரெச்சில் சமர்த்து, வீட்டுக்கு வந்தால் அடம்

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது. நான் வேலைக்குத் திரும்பியதால் மூன்று மாதமாக கிரெச்சுக்குப் போகிறான். அங்கே சமர்த்தாக இருக்கிறானாம். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அழுகை, அடி, கடி. "கிரெச்சுல விட்டுத்தான் பிள்ளை கெட்டுப்போச்சு" என்கிறார் மாமியார். நிறுத்திவிடலாமா?

பதில்: இதற்காக மட்டும் நிறுத்த வேண்டாம். மாமியாரின் கவலையிலும் நியாயம் உண்டு. அமெரிக்காவில் 1991-ல் தொடங்கி 1,300-க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், தாயைத் தவிர மற்றவர்களின் கவனிப்பில் அதிக நேரம் வளர்ந்தவர்களிடம் முரட்டுத்தனம் சற்றே கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் அந்த வித்தியாசம் சிறியது. பெற்றோர் குழந்தையிடம் நடந்துகொள்ளும் விதத்தின் தாக்கமே அதைவிடப் பெரிது. பின்னர் ஐந்து நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தகவல்களை ஆராய்ந்து 2023-ல் வெளியான ஆய்வில், காப்பக நேரம் கூடுவதால் முரட்டுத்தனம் கூடுகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

உங்கள் மகனின் சாயங்கால அழுகைக்கு வேறு காரணம் இருக்கலாம். வீட்டில் இருக்கும் குழந்தைக்குக் காலையிலிருந்து மாலைக்குள் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் குறையும். கிரெச்சில் பல குழந்தைகளுக்கு அது கூடுகிறது. பொம்மையை விட்டுக்கொடுத்து, முறை வரும்வரை காத்திருந்து, நாள் முழுக்க அடக்கி வைத்ததை உங்களிடம்தான் கொட்டுகிறான். நீங்கள் திட்டினாலும் விட்டுப் போகமாட்டீர்கள் என்று அவனுக்குத் தெரியும்.

வந்ததும் "இன்னைக்கு என்ன பண்ணினே?" என்று துருவாதீர்கள். செல்போனைத் தள்ளி வைத்துவிட்டு மடியில் உட்கார வையுங்கள், ஒரு வாழைப்பழம் கொடுங்கள். பாதி அழுகை பசியாகவும் இருக்கும். சமையல் அரைமணி நேரம் பொறுக்கட்டும். கடித்தால் கையைப் பிடித்து, "கடிச்சா வலிக்கும், கடிக்கக் கூடாது" என்று சொன்னால் போதும். வலி தெரியட்டும் என்று பதிலுக்குக் கடிக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. தயவுசெய்து அது வேண்டாம்.

கிரெச்சையும் பாருங்கள். சொல்லாமல் ஒருநாள் மதியம் போங்கள். ஓர் ஆயா எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார்? அடிக்கடி ஆள் மாறுகிறதா? டிவி ஓடிக்கொண்டே இருக்கிறதா? உள்ளே விடவே தயங்கினால் வேறு இடம் தேடுங்கள். உங்கள் அலுவலகத்தில் 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால், சட்டப்படி கிரெச் வசதி தர வேண்டியது நிர்வாகத்தின் கடமை. தினமும் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்கவும் அனுமதி உண்டு.

பேச்சு பின்தங்கினாலோ, கூப்பிட்டால் திரும்பாவிட்டாலோ குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள். உடம்பில் காரணம் தெரியாத காயம் இருந்தாலோ, குறிப்பிட்ட ஓர் ஆளைக் கண்டு நடுங்கினாலோ, அன்றே அந்த கிரெச்சை நிறுத்திவிடுங்கள்.