நகராட்சியின் ஆண்டுக் கணக்கில் நம் வீட்டுக் குழாய் எங்கே? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நிதியாண்டு முடியும்போதெல்லாம் இத்தனை கிலோமீட்டர் தார்ச்சாலை, இத்தனை எல்.இ.டி. விளக்குகள், இத்தனை கோடி ரூபாய்ப் பணிகள் என்று எங்கள் நகராட்சியின் சாதனைப் பட்டியல் வெளியாகிறது. அதில் பொய் இருப்பதாக நான் சொல்லவில்லை. போட்ட சாலையைக் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் என் அன்றாட வாழ்க்கை போன ஆண்டைவிட எளிதாகிவிட்டதா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். பட்டியலும் உண்மை, என் அனுபவமும் உண்மை என்றால், இடைவெளி எங்கே இருக்கிறது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, குமாரசாமிப்பேட்டை, தருமபுரி

பதில்: அம்மா, பட்டியல் கணக்கிடுவது நகராட்சி செய்து முடித்த பணியை; தாங்கள் கணக்கிடுவது அந்தப் பணியால் தங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்ததை. இரண்டும் வெவ்வேறு கணக்குகள். முதல் கணக்கை மட்டுமே அச்சிட்டு வெளியிடும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது.

குடிநீரையே எடுத்துக்கொள்வோம். மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2008-இல் குடிநீர், கழிவுநீர், திடக்கழிவு, மழைநீர் வடிகால் ஆகிய நான்குக்கும் சேர்த்து 28 அளவுகோல்களை வகுத்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர், 24 மணி நேரமும் விநியோகம், கணக்கில் வராமல் போகும் நீர் 20 விழுக்காட்டுக்கு மேல் இல்லாமை ஆகியவை அவற்றில் சில. 135 லிட்டர் என்பதைக் காகிதத்தில் படித்தால் ஓர் எண். வீட்டுக்குள் கொண்டுவந்தால்தான் அதன் எடை தெரியும். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு அது 675 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் 45 குடம். தண்ணீர் நான்கு நாட்களுக்கு ஒருமுறைதான் வருகிறது என்றால், அந்தக் குடும்பம் ஒரே முறையில் 2,700 லிட்டரை, அதாவது 180 குடத்தைப் பிடித்துச் சேமித்தாக வேண்டும். தரைக்கடியில் சம்ப்பும் மாடியில் சின்டெக்ஸ் தொட்டியும் உள்ள சொந்த வீட்டில் மோட்டாரைப் போட்டுவிட்டு உறங்கிவிடலாம். ஒற்றை அறை வாடகை வீட்டில் இரண்டு பிளாஸ்டிக் டிரம்மும் பத்துக் குடமும் வைக்கத்தான் இடம் இருக்கும். ஆண்டறிக்கையிலோ இந்த இரண்டு வீடுகளும் ‘குடிநீர் இணைப்பு பெற்றவை’ என்ற ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

அளவு இருக்கட்டும், நேரத்தையும் பாருங்கள். தண்ணீர் விடும் நாள் முன்கூட்டியே தெரியாத தெருவில், ஓசூர்ப் பக்கத் தொழிற்சாலைக்குக் கம்பெனிப் பேருந்தில் போகும் பெண் ஒருநாள் சம்பளத்தை இழக்கிறாள், அல்லது பள்ளிக்குப் போகும் மகளை வீட்டில் நிறுத்துகிறாள். அந்த இழப்பு எந்தத் துறையின் செலவுக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆகவே என்னிடம் கேட்டால், ‘எவ்வளவு தண்ணீர்’ என்பதற்கு முன்னால் ‘சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் வந்ததா’ என்ற கேள்வியை வைப்பேன். ஒழுங்காக வாரம் இருமுறை வரும் தண்ணீரை வைத்து ஒரு குடும்பம் தன் வேலைகளைத் திட்டமிட்டுக்கொள்ள முடியும். என்று வரும் என்று தெரியாத தண்ணீர், அளவில் கூடுதலாக இருந்தாலும், வீட்டைக் காவல் காக்க வைத்துவிடும்.

நான் முன்பு குடியிருந்த ஓர் ஊரில் எங்கள் தெருவுக்குப் புதிய கழிவுநீர்க் கால்வாய் கட்டினார்கள். அந்த ஆண்டு அறிக்கையில் அது முடிந்த பணியாகவும் முழுத் தொகை செலவானதாகவும் பதிவாகியிருந்தது, அது சரியும்கூட. ஆனால் கால்வாயின் விளிம்பு தெருவின் மட்டத்துக்கு மேலே நின்றதால், மழை பெய்தால் தெருவில் விழும் நீர் கால்வாயில் இறங்க வழியின்றி எங்கள் வாசற்படிக்கு வந்து சேர்ந்தது. அதைச் சரிசெய்வதற்கு இரண்டு மழைக்காலம் பிடித்தது. அறிக்கையில் ‘கால்வாய் நீளம்’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘மழைக்குப் பின் நீர் தேங்கிய நேரம்’ என்று இன்னொரு கட்டம் இருந்திருந்தால், முதல் மழையிலேயே பிழை அகப்பட்டிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

தாங்கள் ஆசிரியையாக இருந்தவர் என்பதால் ஒரு வேண்டுகோள். தங்கள் தெருவில் ஐந்து வீடுகளைத் தேர்ந்து, தண்ணீர் வந்த தேதி, தொடங்கிய நேரம், நின்ற நேரம், குடம் நிறைய ஆன நிமிடம் ஆகியவற்றை ஒரு நோட்டில் ஓராண்டுக்கு எழுதி வைக்கச் சொல்லுங்கள். ‘எங்களுக்குத் தண்ணீரே வருவதில்லை’ என்று சொன்னால் எவரும் மறுத்துவிடலாம். தேதியிட்ட நோட்டை மறுக்க, நகராட்சி தன் பதிவேட்டைத் திறந்து காட்ட வேண்டியிருக்கும். அது திறந்தாலே பாதி வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் பகுதிக்கு ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது. சில நாட்களில் சுவை மாறி உப்புக் கரிக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரைக் கலந்து விடுகிறார்கள் என்கிறார்கள். காய்ச்சிக் குடித்தால் போதுமா? இதுவும் நகராட்சியின் முன்னேற்றக் கணக்கில் சேர்ந்ததுதானா?
– இரண்டு குழந்தைகளின் தாய், பென்னாகரம் சாலை, தருமபுரி

பதில்: சேர்ந்தது மட்டுமல்ல அம்மா, நம் மாவட்டங்களில் முதலில் பார்க்க வேண்டிய கணக்கே இதுதான். 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் திட்டத்தின் பெயரிலேயே, குடிநீர் வழங்கலோடு புளோரைடு பாதிப்பைத் தணிப்பதும் நோக்கமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஜப்பான் நாட்டு முகமையின் கடனுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாயில் காவிரி நீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவந்ததற்குக் காரணம், நம் நிலத்தடிப் பாறையில் உள்ள புளோரைடு கிணற்று நீரில் கரைந்து, குழந்தைகளின் பல்லைக் கறைப்படுத்தி, நெடுங்காலம் குடித்தவர்களின் எலும்பையும் மூட்டையும் இறுகச் செய்ததுதான். முதுகு வளைந்து நடந்த பெரியவர்களை இப்பகுதியில் பிறந்து வளர்ந்த எவரும் மறந்திருக்க முடியாது.

காய்ச்சுவது கிருமிகளைக் கொல்லும், புளோரைடை நீக்காது. நீர் ஆவியாகிக் குறையும்போது மிஞ்சிய நீரில் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது; வேறு நீராதாரம் இல்லாத நிலையில் 1.5 வரை அனுமதிக்கப்படுகிறது. கலப்பதால் என்ன ஆகும் என்பதை ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன்: 0.3 மில்லிகிராம் உள்ள ஆற்று நீரும் 3 மில்லிகிராம் உள்ள கிணற்று நீரும் சரிபாதியாகச் சேர்ந்தால், குழாயில் வருவது 1.65. ஆற்று நீர் வந்த பிறகும் வரம்பு மீறப்பட்டுவிடும்.

எனவே சுத்திகரிப்பு நிலையத்தில் எடுத்த மாதிரியின் முடிவை மட்டும் அறிக்கையில் காட்டுவது போதாது. தெருக்கோடிக் குழாயில், கோடையில் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் எடுத்த மாதிரியின் முடிவு வார்டு வாரியாக வெளியிடப்பட வேண்டும். உப்புக் கரிப்பது கலப்பைக் காட்டலாம், புளோரைடின் அளவைக் காட்டாது. புளோரைடுக்கு நாக்கில் தெரியும் சுவை கிடையாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பரிசோதித்துக்கொள்ளலாம். பல் உருவாகும் வயதில்தான் கறை படிகிறது என்பதால், எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டில் முடிவு தெரியும் வரை குடிப்பதற்கும் சமையலுக்கும் ஆற்று நீர் மட்டும் வரும் நாளில் பிடித்ததைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். கலப்பு நீரைத் துவைக்கவும் குளிக்கவும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: நகராட்சியின் வரவு செலவுத் திட்டத்தையும் ஆண்டறிக்கையையும் ஒரு சாதாரணக் குடிமகன் கேட்டுப் பெற முடியுமா? எங்கள் கவுன்சிலரிடம் கேட்டால் ‘உனக்கு எதற்கு’ என்கிறார்.
– கல்லூரி மாணவர், கிருஷ்ணகிரி

பதில்: தம்பி, ‘உனக்கு எதற்கு’ என்று கேட்கும் உரிமை சட்டத்தில் அவருக்குத் தரப்படவில்லை. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுச் செய்பவர் எதற்காகக் கேட்கிறார் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. சொல்லப்போனால், அச்சட்டத்தின் 4-ஆம் பிரிவு வரவு செலவு விவரங்களை யாரும் கேட்காமலேயே வெளியிடுமாறு பணிக்கிறது. வெளியிடவில்லை என்றால் 10 ரூபாய்க் கட்டணத்துடன் நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு அனுப்பினால், 30 நாட்களுக்குள் பதில் வந்தாக வேண்டும். நகலாகக் கேட்பதோடு, கோப்புகளையும் பதிவேடுகளையும் நேரில் பார்வையிடவும் கேளுங்கள். அதற்கும் உரிமை உண்டு. மனுவில் ‘முன்னேற்றம் குறித்த விவரம்’ என்று பொதுவாக எழுதாமல், ‘இன்ன வார்டில், இன்ன நிதியாண்டில், குடிநீர் விநியோகித்த நாட்களும் நேரமும்’ என்று குறிப்பாக எழுதுங்கள். பொதுவான கேள்விக்குப் பொதுவான பதிலே கிடைக்கும்.

திடக்கழிவைப் பொறுத்தவரை, உள்ளாட்சி அமைப்பு ஆண்டறிக்கை அளித்தாக வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் விதித்தன. எத்தனை டன் சேர்ந்தது, எத்தனை டன் உரமானது, எத்தனை டன் கிடங்குக்குப் போனது என்று அதில் கேட்டுப் பாருங்கள். இந்த மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று கூட்டிப் பார்த்தாலே, வீட்டில் நாம் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுத்தது வண்டியில் மீண்டும் ஒன்றாகக் கலந்ததா என்பது புரிந்துவிடும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. நகரங்களிலும் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் அமைய 2022-இல் விதிகள் வகுக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி நாளில், பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. கிராமத்துக்குக் கிராம சபை எப்படியோ, நகரத்து வார்டுக்குப் பகுதி சபை அப்படி. கிராமசபையில் எழுந்து கேட்கும் துணிவு நம் கிராமத்துப் பெண்களுக்கு வந்துவிட்டது. நகரத்தில் படித்தவர்கள் அந்த நாற்காலிகளைக் காலியாக விடுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. தாங்கள் நண்பர்கள் நாலு பேருடன் போய் உட்காருங்கள்.

ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ளுங்கள். தேசிய நெடுஞ்சாலைகள் சந்திக்கும் தங்கள் ஊரில் நெடுஞ்சாலையில் உள்ள குழிக்கும், மின்தடைக்கும் நகராட்சி பொறுப்பல்ல. அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையில் நகர உள்ளாட்சிக்குரிய 18 பணிகள் இருக்கின்றன. அதைப் படித்துவிட்டுப் போனால், ‘இது எங்கள் வேலை இல்லை’ என்ற பதில் எப்போது நியாயமானது, எப்போது தட்டிக்கழிப்பது என்பது தங்களுக்கே விளங்கும்.

கேள்வி: வாழ்வதற்கு ஏற்ற நகரங்கள் என்று மத்திய அரசு தரவரிசை வெளியிட்டபோது எங்கள் ஓசூரின் பெயரையே காணோம். மாநகராட்சியான பிறகும் எங்களை ஏன் கணக்கில் எடுக்கவில்லை?
– குடியிருப்போர் சங்க உறுப்பினர், ஓசூர்

பதில்: ஓசூர் 2019-இல்தான் மாநகராட்சியானது. தாங்கள் குறிப்பிடும் 2020-ஆம் ஆண்டுக்கான பட்டியல், 2021 மார்ச்சில் வெளியானது. சீர்மிகு நகரத் திட்டத்தில் இடம்பெற்ற நகரங்களும் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களுமாக 111 மட்டுமே அதில் சேர்க்கப்பட்டன. வாழ்க்கைத் தரத்துக்கு 35, பொருளாதாரத் திறனுக்கு 15, நீடித்த தன்மைக்கு 20, மக்களின் கருத்துக்கு 30 என மதிப்பெண்கள் பகுக்கப்பட்டன. மக்களிடம் நேரில் கேட்டதற்கு 30 ஒதுக்கியதை நான் பெரிதும் மதிக்கிறேன். அந்த முறையை ஓசூர் தானாகவே பின்பற்றத் தடை ஒன்றும் இல்லை.

ஆனால் அந்தப் பட்டியலில் இடம் கிடைக்காததற்காக வருந்த வேண்டாம். பெரிய நகரங்களில் அவ்வாண்டு முதலிடம் பெற்றது பெங்களூரு. அதே பெங்களூருவின் கழிவுநீரைச் சுமந்துகொண்டு வரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையில் மலைபோல் நுரை தள்ளுவதை ஓசூர் மக்கள் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறார்கள். ஒரு நகரத்தின் தூய்மையை அதன் எல்லைக்கோட்டோடு அளந்து நிறுத்தினால், எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்ட அழுக்கு யாருடைய கணக்கிலும் வராமல் போய்விடுகிறது. ஓசூரும் தன் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விட்டால், ஆற்றின் கீழே இருக்கும் கிருஷ்ணகிரி அணைப் பாசன விவசாயிக்கு அதையே செய்ததாகும். ஆகவே தங்கள் சங்கம் மாநகராட்சியிடம் கேட்க வேண்டிய முதல் எண், நாளொன்றுக்கு உண்டாகும் கழிவுநீரில் எத்தனை பங்கு சுத்திகரிக்கப்பட்டு ஆற்றை அடைகிறது என்பதே.

கேள்வி: 2022-இல் சொத்துவரியை உயர்த்தினார்கள். வரி கூடிய அளவுக்கு வசதி கூடவில்லையே, கட்டாமல் நிறுத்திவிடலாமா?
– சிறுவணிகர், பாலக்கோடு

பதில்: நிறுத்த வேண்டாம். குடியிருப்புகளுக்குப் பரப்பளவைப் பொறுத்து 25 முதல் 100 விழுக்காடு வரை உயர்த்தியது சுமைதான்; தங்கள் கோபம் நியாயமானது. எனினும், சொந்த வருவாய் குறைந்த உள்ளாட்சி மானியத்தையே நம்பி நிற்கும். மானியமோ பெரும்பாலும் இன்ன பணிக்கு என்று கட்டப்பட்டே வரும். 15-ஆவது நிதிக்குழு சிறு நகரங்களுக்குத் தந்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் தூய்மைக்கும் என ஒதுக்கப்பட்டதால், தங்கள் கடைத்தெருவின் உடைந்த கால்வாய் மூடியைப் போன்ற சிறிய, அவசரமான வேலைகளுக்கு வரிப்பணமே கைகொடுக்கும். அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாட்களுக்குள் செலுத்தினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகையும் உண்டு. வரியைக் கட்டிய ரசீதின் நகலை இணைத்து, அந்த மூடியை எந்தத் தேதிக்குள் மாற்றுவீர்கள் என்று பேரூராட்சிச் செயல் அலுவலருக்கு எழுதி, ஒப்புகைச் சீட்டைப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.