பம்ப் பழகிவிடுமா? மூச்சுக் கேள்விகளுக்குப் பதில்கள்

நெஞ்சு நோய் வார்டில் செவிலியராக இருந்தவள் என்பதால், கடலூர், புதுச்சேரி பக்கத்திலிருந்து நிறையப் பேர் கேட்கிறீர்கள். சில கேள்விகளுக்கு இங்கே பதில்.

கடலூர் முதுநகரிலிருந்து: சிஸ்டர், என் மகனுக்கு 9 வயது. மழைக்காலம் வந்தாலே வீசிங். டாக்டர் இரண்டு பம்ப் (இன்ஹேலர்) எழுதினார். "பம்ப் பழகினால் விடவே முடியாது, சிரப் போதும்" என்கிறார் மாமியார். என்ன செய்ய?

பழகாது அம்மா. எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். இந்தப் பயத்தால் குழந்தைகள் ராத்திரி முழுக்க உட்கார்ந்தபடி இளைப்பதை நிறையப் பார்த்துவிட்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாயின் உள்சுவர் நன்றாக இருக்கும் நாளிலும் லேசாக வீங்கியே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் சுவரில் பூக்கும் பூஞ்சை, சளிக்காய்ச்சல், தீபாவளிப் புகை, இதில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும், சளி கூடும். காற்று அந்தக் குறுகிய வழியில் போவதுதான் விசில் சத்தம்.

பம்ப் மருந்து நேராக அந்தக் குழாய்க்கே போகிறது. இளைப்பைத் தணிக்கும் சால்பூட்டமால் பம்பில் ஒரு அழுத்தலுக்கு 100 மைக்ரோகிராம். அதே மருந்தின் மாத்திரை 2 அல்லது 4 மில்லிகிராம், அதாவது 20 முதல் 40 மடங்கு. மாத்திரையோ சிரப்போ, வயிறு, ரத்தம் என்று உடம்பெல்லாம் சுற்றித்தான் நுரையீரலுக்கு வரும். கை நடுக்கமும் படபடப்பும் அதில்தான் அதிகம்.

இரண்டு பம்பில் ஒன்று இளைப்பு வரும்போது தசையைத் தளர்த்த. மற்றது வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு, நன்றாக இருந்தாலும் தினமும் எடுக்க வேண்டியது. "இப்போ சரியாகிட்டானே" என்று இதை நிறுத்துவதால்தான் அடுத்த மழைக்கு மறுபடி அட்மிஷன். குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் சொல்லித்தான்.

பம்பின் வாயில் மாட்டும் பிளாஸ்டிக் குழல், ஸ்பேசர், கட்டாயம் வாங்குங்கள். பம்பைக் குலுக்கி, ஒரு தடவை அழுத்தி, ஐந்து தடவை அதன் வழியாக நிதானமாக மூச்சு இழுத்து விடட்டும். அடுத்த அழுத்தல் அதற்கு அப்புறம்தான். ஸ்டீராய்டு எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியும். பேசவே திணறினாலோ, விலா உள்ளே இழுத்தாலோ, உதடு நீலமானாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

பண்ருட்டியிலிருந்து: 2 வயதுப் பேத்திக்கு முந்திரி தின்னும்போது புரையேறியது. அப்போது சரியாகிவிட்டது. பத்து நாளாக இருமல். வலப்பக்கம் மட்டும் சத்தம் கேட்கிறது என்றார் டாக்டர்.

இன்றைக்கே திரும்பப் போங்கள் ஐயா, முந்திரி விஷயத்தை முதலிலேயே சொல்லுங்கள். மூச்சுக்குழாய் மார்புக்குள் இரண்டாகப் பிரிகிறது. வலது கிளை அகலம், குட்டை, செங்குத்து. தப்பிப் போன பருப்பு பெரும்பாலும் அங்கேதான் விழும். எக்ஸ்ரேயில் பருப்பு தெரியாது, அதனால் படம் நார்மல் என்றாலும் விடாதீர்கள். மயக்கம் கொடுத்து பிராங்கோஸ்கோபி, அதாவது மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்ப்பது, செய்து எடுத்துவிடலாம். விட்டுவைத்தால் அந்தப் பகுதியில் நிமோனியா வரும். முந்திரி விளையும் ஊர், வீட்டில் இல்லாமல் இருக்காது. நான்கு வயதுவரை பொடித்தே கொடுங்கள்.

வில்லியனூரிலிருந்து: அம்மா பீடி, சிகரெட் தொட்டதே இல்லை. மாடி ஏறினால் இளைப்பு. டாக்டர் சிஓபிடி (நாள்பட்ட மூச்சடைப்பு நோய்) என்கிறார். எப்படி?

விறகடுப்பு தம்பி. பல வருஷம் ஊதிய புகையும் நுரையீரலுக்குப் புகைதான். காற்றுப்பைகளின் சுவர் சிதைந்தால் திரும்ப வளராது. புகையை இன்றே நிறுத்தினால் மேலும் கெடும் வேகம் குறையும். ஸ்பைரோமெட்ரி, அதாவது ஊதிப் பார்க்கும் சோதனை, செய்தாகிவிட்டதா என்று கேளுங்கள். கேஸ் இருந்தும் வெந்நீருக்கு விறகு எரிப்பவர்கள் இருக்கிறார்கள், அதையும் நிறுத்துங்கள்.

தேவனாம்பட்டினத்திலிருந்து: கடலுக்குப் போகும் அண்ணனுக்கு மூன்று வாரமாக இருமல், சாயங்காலம் காய்ச்சல். உப்புக்காற்றுதான் என்கிறார்.

உப்புக்காற்றுக்குச் சாயங்காலக் காய்ச்சல் வராது. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். புதுச்சேரிப் பக்கம் என்றால் கோரிமேட்டில் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை இருக்கிறது. டிபியாக இருந்தால் சாதாரண வகைக்கு 6 மாத மருந்து, அதுவும் இலவசம். சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். இரண்டாவது மாதத்தில் தெம்பு வந்ததும் மாத்திரையை விட்டுவிடுவார்கள், அங்கேதான் நீங்கள் விடாமல் நிற்க வேண்டும். வீட்டில் இருக்கும் எல்லோரையும், முக்கியமாகச் சின்னக் குழந்தைகளை, பரிசோதிக்கக் கூட்டிப் போங்கள்.

பாகூரிலிருந்து: காய்ச்சலில் குழந்தை வேகமாக மூச்சு விட்டால் நிமோனியாவா?

அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, இவற்றைத் தொட்டாலோ தாண்டினாலோ அன்றே ஆஸ்பத்திரி. இரண்டு மாதம் ஆகாத குழந்தை என்றால் எண்ணிக்கை எதுவானாலும் காய்ச்சல் வந்தாலே போய்விடுங்கள்.