நாலு மணிக்கு எழுப்பும் பட்டாணி

மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "எங்கள் பூனை பட்டாணிக்கு மூன்று வயது. மழையில் படிக்கட்டுக்கு அடியில் கிடைத்த குட்டி. போன வருடமே கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டோம். நன்றாகச் சாப்பிடுகிறாள், ஓடியாடுகிறாள், வாய்தான் ஓய்வதே இல்லை. மழைக்காலமோ குளிர்காலமோ, விடிகாலை நாலு மணிக்கு ஆரம்பித்துவிடுவாள். பகலில் நான் ஆபீஸ் கால் பேசினால் கூடவே அவளும் பேசுவாள். மேல்வீட்டுக்காரர்கள் குடியிருப்பு சொசைட்டி செக்ரட்டரியிடம் புகார் கொடுத்துவிட்டார்கள். பூனை அழுதால் வீட்டுக்கு ஆகாது என்று மாமியார் வேறு புலம்புகிறார். கத்தாமல் இருக்க மருந்து உண்டா? துணைக்கு இன்னொரு பூனை எடுத்தால் அடங்குமா?"

மருந்து கிடையாது. தூக்கம் கெட்ட வெறுப்பில் வீட்டு மருந்து டப்பாவைத் திறந்தவர்கள் சிலரை என் கால்நடை கிளினிக்கில் பார்த்திருக்கிறேன், அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காய்ச்சலுக்கு நாம் போடும் 500 மில்லிகிராம் பாரசிட்டமால் ஒன்றே ஒன்று ஒரு பூனையின் உயிரை எடுத்துவிடும். நம் கல்லீரல் அதைச் சுலபமாக மாற்றி வெளியே தள்ளிவிடும், பூனையின் கல்லீரலுக்கு அந்தச் சக்தி இல்லை. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பாகிவிடும், முகம் வீங்கும், மூச்சு வாங்கும். மனிதர்களுடைய தூக்க மாத்திரை, இருமல் சிரப் எதையும் கொடுத்துவிடாதீர்கள்.

இனி பட்டாணிக்கு வருவோம். வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் மியாவ் சொல்லிக்கொள்வது அபூர்வம். சீறும், உறுமும், வாலையும் காதையும் வைத்துப் பேசிக்கொள்ளும். மியாவ் என்பது குட்டி தன் தாயைக் கூப்பிடும் குரல். வளர்ந்த பிறகு மற்றப் பூனைகளிடம் அதை விட்டுவிடும், நம்மிடம் மட்டும் விடாது. கத்தினால் காரியம் நடக்கிறது என்பது அதற்குத் தெரியும். 2009இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரன் மெக்கோம்ப் குழுவினர், சாப்பாடு கேட்கும் பூனைகளின் குர்குர் சத்தத்தைப் பதிவுசெய்து பார்த்தார்கள். அந்தக் கனத்த சத்தத்துக்குள்ளே உச்சஸ்தாயியில் ஓர் அழுகை ஒளிந்திருந்தது. கைக்குழந்தை அழும் சுருதிக்குக் கிட்டத்தட்ட அது பொருந்தியது. பூனை வளர்த்தே பழகாதவர்கள்கூட அதைக் கேட்டுவிட்டு 'ஏதோ அவசரம்' என்றார்கள். உங்கள் மாமியாருக்கு வயிற்றைப் பிசைவது இந்தச் சாயல்தான் என்று நினைக்கிறேன். பிள்ளை வளர்த்த காதால் அதைச் சும்மா கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது 'மழைக்காலமோ குளிர்காலமோ' என்ற வார்த்தைதான். பூனைக்கு விடியலும் அந்தியும்தான் வேட்டை நேரம், அதனால் அதிகாலையில் துறுதுறுப்பு இருப்பது இயற்கை. ஆனால் மும்பையில் ஜூனில் ஆறு மணிவாக்கில் உதிக்கும் சூரியன் ஜனவரியில் ஏழேகாலுக்குத்தான் தலைகாட்டும். வெளிச்சத்தைப் பார்த்து எழும் பூனை என்றால் குளிர்காலத்தில் ஒரு மணி நேரமாவது தாமதிக்க வேண்டும். பட்டாணி நாலு மணியிலேயே நிற்கிறாள் என்றால், அவள் பார்க்கும் கடிகாரம் உங்கள் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும்.

அதனால்தான் ஒரு வாரம் நோட்டில் எழுதச் சொல்லி உங்களுக்குப் பதில் போட்டேன்: எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் நின்று கத்துகிறாள், கத்தியதும் யார் என்ன செய்தார்கள். நீங்கள் அனுப்பிய ஏழு நாள் குறிப்பில் மூன்றாம் நாளே விடை இருந்தது. உங்கள் கட்டடத்தில் தண்ணீர் நாலரைக்கு வருகிறது. டிரம் நிரப்ப மாமியார் எழுந்திருக்கிறார். குழாய் திறக்கும் சத்தம், சமையலறை விளக்கு, அப்புறம் பாலில் தோய்த்த அரை மாரி பிஸ்கட். 'பாவம், வாயில்லா ஜீவன்' என்று அவர் சொன்னதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். (பட்டாணிக்கு வாய் இல்லை என்று சொல்லும் ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும்.) நாலரைக்கு பிஸ்கட் நிச்சயம் என்றால் நாலு மணிக்கே வரிசையில் நிற்பது பூனைக்கு நியாயம்தானே.

மாமியாரைக் குறை சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. அவர் எழுந்துதான் ஆக வேண்டும், தண்ணீர் நமக்காகக் காத்திருக்காது. பிரிக்க வேண்டியது ஆள் எழுவதையும் தட்டு நிறைவதையும்தான். டிரம் நிரம்பட்டும், டிகாக்ஷன் இறங்கட்டும், அவர் காபி குடிக்கட்டும், அதன் பிறகு ஐந்தரைக்குச் சாப்பாடு. பிஸ்கட் வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும். அவளுடைய வழக்கமான டிரை ஃபுட்டில் ஒரு பிடியே போதும், அதை அவர் கையாலேயே போடட்டும். கொடுக்கும் உரிமையைப் பிடுங்கினால் அவர் ஒளித்துக் கொடுப்பார். கையில் கொஞ்சம் காசு இருந்தால் நேரம் வைத்துத் திறக்கும் தானியங்கித் தட்டு வாங்கலாம். சில வாரங்களில் பூனை மனிதர்களை விட்டுவிட்டு மெஷின் முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். மெஷினிடம் எவ்வளவு கத்தினாலும் அது அசையாது.

இரவுச் சாப்பாட்டைப் பின்னுக்குத் தள்ளுங்கள். இப்போது எட்டு மணிக்குப் போடுகிறீர்கள், அதற்கும் நாலு மணிக்கும் எட்டு மணி நேர இடைவெளி. பத்தரைக்குப் பத்து பதினைந்து நிமிடம் நன்றாக ஓட விடுங்கள். விலை கொடுத்து வாங்கிய பொம்மை எதுவும் தேவையில்லை, ஒரு நீளக் குச்சியின் நுனியில் துணித் துண்டைக் கட்டினால் போதும். துணி எலிபோல் ஓட வேண்டும், சோபாவுக்குப் பின்னால் ஒளிய வேண்டும், கடைசியில் அவள் கையில் சிக்க வேண்டும். சிக்காமலே விளையாட்டை முடித்தால் பூனைக்கு எரிச்சல்தான் மிஞ்சும். சிக்கியதும் சாப்பாடு. வேட்டை, சாப்பாடு, நக்கிச் சுத்தம், தூக்கம் என்பது அதன் உடம்பிலேயே ஊறிய வரிசை. விளையாடி முடித்ததும் குச்சியையும் கயிற்றையும் அலமாரியில் பூட்டிவிடுங்கள். நூலை விழுங்கிய பூனையின் குடலைத் திறந்து பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை இல்லை.

இத்தனையும் செய்த பிறகு வரும் முதல் வாரம்தான் சோதனை. பிஸ்கட் நின்றதும் பட்டாணி அடங்க மாட்டாள், இன்னும் உரக்கக் கத்துவாள். நேற்று வரை திறந்த கதவு இன்று திறக்கவில்லை என்றால் நாமும் இன்னும் ஓங்கித் தட்டிப் பார்ப்போமல்லவா? மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, முக்கால் மணி நேரம் தாங்கிவிட்டு 'இன்னைக்கு மட்டும்' என்று யாராவது எழுந்து போட்டீர்களானால் கதை முடிந்தது. முக்கால் மணி நேரம் கத்தினால் கிடைக்கும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டீர்கள். என்றைக்காவது ஒரு நாள் கிடைக்கும் பரிசுதான் எந்தப் பிராணியையும் விடாமல் முயல வைக்கும், லாட்டரிச் சீட்டு வாங்குகிறவரைப் போல. வீட்டில் நாலு பேர் என்றால் நாலு பேரும் ஒரே முடிவில் இருக்க வேண்டும். அதட்டல், தண்ணீர் பீய்ச்சுதல், செருப்பைத் தூக்கிக் காட்டுதல் எதுவும் வேண்டாம். அதட்டலும் ஒரு பதில்தான். தண்ணீர் பீய்ச்சினால் உங்கள் கையைக் கண்டு பயப்படப் பழகுமே தவிர வாயை மூடாது.

குறிப்பில் இன்னொன்றும் இருந்தது, நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை. ஏழில் ஐந்து நாள் 'பாத்ரூமில் நின்று' என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய மும்பைக் கட்டடங்களில் பாத்ரூம் ஜன்னல் டக்டுக்குள் திறக்கும். குழாய்கள் ஓடும் அந்த இடுக்கு தரையிலிருந்து மொட்டைமாடி வரை ஒரே குகை. டைல்ஸ் பதித்த சுவரில் குரல் எதிரொலிப்பது பூனைக்கு ருசித்துவிடுகிறது. மேல்வீட்டுக்காரருக்கோ தன் பாத்ரூமிலேயே பூனை கத்துவதுபோல் இருக்கும். இன்றிரவே அந்தக் கதவைச் சாத்துங்கள். அவள் மலஜலம் கழிக்கும் லிட்டர் டிரே உள்ளே இருந்தால் இரண்டு நாள் முன்பே இடம் மாற்றிக் காட்டிவிட்டுச் சாத்துங்கள். புகாரில் பாதி இதிலேயே போய்விடும் என்பது என் கணக்கு.

செக்ரட்டரி நோட்டீஸ் அனுப்பினால் பயப்பட வேண்டாம். வளர்ப்புப் பிராணியை வைத்துக்கொள்ளக் கூடாது என்று குடியிருப்புச் சங்கங்கள் தடை போட முடியாது என இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அதன் பேச்சு பெரும்பாலும் நாய்களைப் பற்றியது, ஆனாலும் காட்டலாம். பசியிலும் தாகத்திலும் தவிக்க விட்டு ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதனால் 'எங்காவது மார்க்கெட் பக்கம் விட்டுவிடுங்கள்' என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆனால் சட்டத்தைக் காட்டினால் மேல்வீட்டுக் குழந்தை தூங்கிவிடாது. நேரில் போய், 'பத்து நாள் பொறுத்துக்கொள்ளுங்கள், முதல் வாரம் சத்தம் கூடும், அதற்கப்புறம் குறையும்' என்று சொல்லிவிட்டு வருவதுதான் உங்கள் இடத்தில் இருந்தால் நான் செய்வது.

ஆபீஸ் கால் விஷயம் சுலபம். அறையில் உங்களையும் அவளையும் தவிர யாரும் இல்லை, நீங்கள் சத்தமாகப் பேசுகிறீர்கள். ஹெட்போனுக்குள் இருக்கும் மேனேஜரை அவளுக்குத் தெரியாது. தன்னோடு பேசுவதாகவே எடுத்துக்கொண்டு மரியாதையாகப் பதில் சொல்கிறாள். கால் தொடங்க ஐந்து நிமிடம் முன்பு கொஞ்சம் டிரை ஃபுட்டை அட்டைப்பெட்டிக்குள் காகிதச் சுருள்களுக்கு நடுவே தூவி வையுங்கள், தேடித் தேடித் தின்பாள். அவள் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நீங்களாகப் போய்த் தலையைத் தடவுங்கள். அமைதிக்கும் கூலி உண்டு என்று அவளுக்குத் தெரிய வேண்டும். புறா வலை போட்ட ஜன்னல் ஓரம் ஒரு பலகை இருந்தால் பகல் முழுக்கப் பொழுது போகும். புறாவைப் பார்த்துத் தாடை நடுங்கக் 'கெக்கெக்கெக்' என்பாளே, அது கோளாறு இல்லை. வலை கிழிந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், மூன்றாம் மாடியிலிருந்து விழும் பூனைகளும் என்னிடம்தான் வருகின்றன.

இதுவரை சொன்னது நலமாக இருக்கும் பூனைக்கு. பட்டாணி ஆபரேஷன் ஆனவள் என்றாலும், மூன்று வாரத்துக்கு ஒருமுறை நாலைந்து நாள் தரையில் புரண்டு, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நீளமாக ஊளையிட்டால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். வயிற்றுக்குள் சினைப்பைத் துணுக்கு எங்காவது மிச்சம் இருக்கலாம். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: கடுவன் பூனை லிட்டர் டிரேயில் முக்கி முக்கி உட்கார்ந்து கத்துகிறது, சொட்டுச் சொட்டாக வருகிறது அல்லது ஒன்றுமே வரவில்லை என்றால் காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். இரவில் திறந்திருக்கும் கிளினிக்கின் எண்ணை இன்றே போனில் ஏற்றிவையுங்கள். பத்து வயதைத் தாண்டிய பூனை, இதுவரை அமைதியாக இருந்தது, திடீரென்று நடுராத்திரியில் கத்துகிறது என்றால் தைராய்டு, ரத்த அழுத்தம், சிறுநீரகம் மூன்றையும் பார்க்க வேண்டும். அடக்க முடியாத பசி, ஆனால் உடம்பு இளைக்கிறது என்றால் பெரும்பாலும் தைராய்டு. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். காது கேட்காமல் போனாலும், மூளை தளர்ந்தாலும் ராத்திரிக் கூப்பாடு வரும்.

இத்தனைக்குப் பிறகும் பட்டாணி ஊமையாகிவிட மாட்டாள். சயாமீஸ் ஜாதிப் பூனை பிறவிப் பேச்சாளி, நம் தெருப்பூனைகளிலும் அப்படி ஒன்றிரண்டு உண்டு. நாலு மணிக் கச்சேரி நிற்கும். நீங்கள் கதவைத் திறந்து உள்ளே வரும்போது நடத்தும் விசாரணை நிற்காது.

துணைக்கு இன்னொரு பூனை வேண்டாம், இப்போதைக்கு. அவள் கேட்பது பிஸ்கட், கூட்டாளி இல்லை. புதுப் பூனை வந்தால் ஒரு மாதம் இரண்டும் சீறிக்கொள்ளும், டிரே இரண்டு மூன்றாகும், மேல்வீட்டுக்காரர் மறுபடி செக்ரட்டரியிடம் போவார். நோட்டை மட்டும் நிறுத்தாதீர்கள். இன்னும் இரண்டு வாரம் எழுதி அனுப்புங்கள், பிஸ்கட் கணக்கையும் சேர்த்து.