காணிக்காரர் செடி, தோடர் சால்வை, பாட்டி தைலம்: உங்க கேள்வி, என் பதில்

பேட்டன்ட், ஜிஐ (புவிசார் குறியீடு), பல்லுயிர் சட்டம்னு தனித்தனியா கேட்டுக்கிட்டே இருக்கீங்க, இன்னிக்கு ராத்திரி உக்காந்து மொத்தமா பதில் போடறேன். பழங்குடி மக்களோட மருந்தறிவு, டிசைன், கைவேலை இது சம்பந்தமா மட்டும் கேளுங்க. ஒரே ஒரு கண்டிஷன், மலையில ஒரு பெரியவர் உங்கள நம்பி சொன்ன மருந்த செய்முறையோட கேள்விக்குள்ள எழுதிடாதீங்க. வெளிய வந்துட்டா அவ்வளவுதான், திரும்ப எடுக்க முடியாது.

கேள்வி: அண்ணா, ஜீவனி மருந்து விஷயத்துல காணி மக்களுக்கு ராயல்டி கெடச்சது பெரிய வெற்றின்னு காலேஜ்ல பாடம் எடுத்தாங்க. நிஜமாவா?

பாதி நிஜம். 1987-ல அகத்தியமலை காட்டுக்குள்ள சர்வேக்கு போன விஞ்ஞானிங்க மூச்சு வாங்கி உக்காந்துட்டாங்க, வழிகாட்ட வந்த காணிக்காரங்க, அந்த மலையோட பழங்குடிங்க, மட்டும் ஏதோ ஒரு பழத்த மென்னுக்கிட்டு அசராம ஏறிட்டே இருந்தாங்க. என்ன பழம்னு கேட்டதுக்கு முதல்ல சொல்லல, வெளியாளுக்கு சொல்றது வழக்கமில்லன்னுட்டாங்க. கெஞ்சிக் கேட்டப்புறம் காட்டின செடிதான் ஆரோக்கியப்பச்சை. பின்னால கேரளாவுல பாலோடு தாவரவியல் ஆராய்ச்சி நிலையத்துல அதோட இலைய எடுத்து, அஸ்வகந்தா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி சேத்து ஜீவனின்னு மருந்து பண்ணாங்க. 1995-ல கோயமுத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு 7 வருஷ லைசென்ஸ், 10 லட்சம் பீஸ், 2 சதவீதம் ராயல்டி. வர்றதுல பாதி காணி மக்களுக்குன்னு முடிவாச்சு. அதுக்கு டிரஸ்ட் பதிவானது 1997, பணம் போனது 1999.

இப்ப அந்த வருஷங்கள வரிசையா வச்சுப் பாருங்க. ரகசியம் கை மாறுனது 87, வியாபாரம் பேசினது 95, மக்கள் பேர்ல ஒரு அமைப்பு வந்தது 97. அதாவது கையெழுத்து போடற நேரத்துல எதிர்ல காணி சமூகம் சார்பா உக்கார ஆளே இல்ல. அவங்க வைத்தியருங்கள பிளாத்தின்னு சொல்வாங்க, அவங்கள்ல சில பேர் எங்க அறிவ தனியார் கம்பெனிக்கு விக்கக்கூடாதுன்னு 95-லயே கேரள முதல்வருக்கு கடிதம் போட்டாங்க. காட்டுன சில பேர் சம்மதிச்சா மொத்த சனமும் சம்மதிச்ச மாதிரியா? இந்தக் கேள்விக்கு இன்னிக்கு வரைக்கும் நேர் பதில் வரல. அதுக்கு மேல, செடி காட்டு நிழல்லதான் நல்லா வரும், அங்க இலை பறிக்க வனத்துறையோட தகராறு, அதனால மருந்துக்கு வேணுங்கற அளவு இலையும் போய்ச் சேரல.

கேள்வி: சும்மா ஒரு பழம் தின்னத காட்டினதுக்கு லட்சக்கணக்குல பணமா சார்? 8 வருஷம் லேபுல உழைச்சவன் முட்டாளா?

உழைப்ப யாரும் கொறைச்சு சொல்லல. ஆனா அந்த மலையில 2,000 வகைக்கு மேல செடி இருக்கு, அதுல எத எடுத்துட்டு லேபுக்குள்ள போகணும்னு உங்க விஞ்ஞானிக்கு யார் சொன்னா?

அவரே மறுபடியும்: காட்டுல இருக்கற செடி எல்லா இந்தியனுக்கும் பொதுச் சொத்து.

அப்ப மருந்துல வர்ற லாபமும் பொதுச் சொத்தா? செய்முறைக்கு பேட்டன்ட் போட்டாங்களே, அத ஏன் பொதுவுல விடல? பழங்குடி கையில இருக்கற வரைக்கும் பொது, டப்பாவுல அடைச்சதும் தனிச்சொத்து, நல்லா இருக்கு சார் இந்தக் கணக்கு. இன்னொண்ணும் சொல்லிடறேன், பாதி காணிக்காரங்களுக்கு போகணும்னு நின்னது அந்த விஞ்ஞானிங்களேதான். பங்கு கொடுக்கணும்னு கட்டாயப்படுத்த அன்னிக்கு நம்ம நாட்டுல சட்டமே கெடையாது, பல்லுயிர் சட்டம் வந்ததே 2002. அந்த மனுஷங்களுக்கு இருந்த நியாயம்கூட அவங்களுக்காக சண்டை போடற உங்களுக்கு இல்ல.

கேள்வி: எனக்கு பாபநாசம். காரையாறு, சின்னமயிலாறு பக்கமும் காணிக்காரங்க இருக்காங்களே, அவங்களுக்கு பங்கு வந்துச்சா?

நல்ல கேள்வி, இத யாரும் கேக்கறதில்ல. டிரஸ்ட் கேரள காணி சமுதாயத்துக்குன்னு போட்டது, மலைக்கு இந்தப் பக்கம் இருக்கறவங்க அதுல இல்ல. ஒரே சனம், ஒரே காடு, நடுவுல மாநில எல்லை.

கேள்வி: எங்க பாட்டி மூட்டுவலி தைலத்துக்கு பேட்டன்ட் எடுக்கலாமா?

முடியாது. பேட்டன்ட் சட்டம் பிரிவு 3-ல 'பி' (p) உட்பிரிவு படிங்க, வழிவழியா தெரிஞ்ச விஷயம் கண்டுபிடிப்பே ஆகாது. நாலு மூலிகைய சும்மா கலக்கறதும் ஆகாது, அது அதே பிரிவுல 'இ' (e).

கேள்வி: மஞ்சள் பேட்டன்ட அமெரிக்காவுலயே ஒடைச்சோம், இப்ப டிகேடிஎல் வேற இருக்கு. இன்னும் என்ன பயம்?

மஞ்சளுக்கு 1995-ல கொடுத்தாங்க, நம்ம மத்திய அரசு ஆராய்ச்சி அமைப்பு சிஎஸ்ஐஆர் சண்டை போட்டு 97-ல ரத்தாச்சு, சந்தோஷம்தான். ஆனா ரத்துன்னா அவனுக்கும் இல்லன்னு அர்த்தமே தவிர நமக்கு உரிமை வந்துச்சுன்னு அர்த்தமில்ல. டிகேடிஎல்ல, அதாவது பாரம்பரிய அறிவ சேத்து வச்ச நம்ம அரசு டிஜிட்டல் நூலகத்துல, இருக்கறது ஆயுர்வேதம், சித்தா, யுனானி, யோகான்னு ஏட்டுல ஏறுன சங்கதி. பிளாத்தி வாயால பேரனுக்கு சொல்றது அதுல எங்க இருக்கு? எழுதி பொதுவுல வச்சா வெளியாள் பேட்டன்ட் எடுக்க முடியாது சரி, ஆனா அதே எழுத்த படிச்சு எவன் வேணா வியாபாரம் பண்ணலாம். அதான் திரும்பத் திரும்ப சொல்றேன், அவங்க சமூகத்துல கேக்காம பதிவு பண்ணாதீங்க.

கேள்வி: ஊட்டியில தோடர் சால்வைன்னு 400 ரூபாய்க்கு வாங்கினேன். ஒரிஜினலா?

400 ரூபாய்க்கா? மேல விரல வச்சு தடவிப் பாருங்க. தோடர் பொம்பளைங்க வெள்ளை காட்டன் துணியில படம் வரையாம, பிரேம் மாட்டாம, இழைய எண்ணி எண்ணி செவப்பு கறுப்பு நூல கோத்து வாங்குவாங்க, கோக்கும்போதே நூல துளி லூசா வளையம் மாதிரி விட்டுருவாங்க, அதனால டிசைன் மேல எழும்பி கைல தட்டுப்படும். மெஷின்ல போட்டது வழவழன்னு தட்டையா இருக்கும். 2013-லேயே ஜிஐ வாங்கியாச்சு, போலிக்கு அந்தப் பேர போட்டு வித்தா 6 மாசத்துலேர்ந்து 3 வருஷம் வரைக்கும் ஜெயில்னு சட்டத்துல இருக்கு. ஆனா ஜிஐ காப்பாத்தறது பேரத்தான். பேர் போடாம 'ஊட்டி எம்பிராய்டரி'ன்னு அதே டிசைன வித்தா பிடிக்கறது கஷ்டம்.

கேள்வி: தாத்தா காலத்து லேகியத்துக்கு பேட்டன்ட் கெடைக்குமா?

மேல பாட்டி தைலம் பதில பாருங்க.

கேள்வி: நான் டிசைனர். குறும்பர் ஓவியத்த டீ-ஷர்ட்ல போடலாம்னு இருக்கேன். பாறையில இருக்கற பழைய ஓவியத்துக்கு காப்பிரைட் இல்லதானே மேடம்?

மேடம் இல்ல, சார். பாறைக்கு இல்ல. ஆனா இன்னிக்கு வரையற குறும்பர் ஓவியருக்கு அவர் ஆயுசுக்கும் அப்புறம் 60 வருஷத்துக்கும் காப்பிரைட் உண்டு, நீங்க இன்டர்நெட்ல எடுக்கப்போறது அனேகமா அவர் படமாத்தான் இருக்கும். ஆஸ்திரேலியாவுல இப்படித்தான் பழங்குடி ஓவியர்களோட படத்த கேக்காம வியட்நாம்ல கார்ப்பெட்டா நெய்து கொண்டாந்து வித்தாங்க. புனிதமான உருவங்கள், சாதி சனமே எல்லாரும் பாக்கக்கூடாதுன்னு வச்சிருக்கறது, அத மிதிக்கற தரைவிரிப்பா போட்டுட்டாங்க. 1994-ல கோர்ட்டு 1,88,000 டாலருக்கு மேல நஷ்ட ஈடு போட்டுச்சு, பண நஷ்டம் மட்டுமில்லாம அந்த மனக்காயத்துக்கும் சேத்து. நேரா கோத்தகிரி பக்கம் போய் ஓவியரப் பாருங்க, எந்த உருவத்த போடலாம் எத போடக்கூடாதுன்னு அவர் சொல்லட்டும், எழுத்துல ஒப்பந்தம் போட்டு காசு கொடுங்க.

கேள்வி: பிஎச்டிக்கு இருளர் மருத்துவம் பதிவு பண்றேன், யூட்யூப்லயும் போடலாமா?

தம்பி, மேல எத்தன தடவ சொன்னேன்? போடாதப்பா. முதல்ல ஊர்ல எல்லாரையும் உக்காரவச்சு எதுக்கு பதிவு, யார் படிப்பாங்க, வேணாம்னா நிறுத்திக்கலாம்னு அவங்க மொழியில சொல்லு. தனி ஒருத்தர் கையெழுத்து பத்தாது, காணி கதைய இன்னொரு தடவ படி.

கேள்வி: மூலிகை எண்ணெய்க்கு பேட்டன்ட்…

இல்ல.

கேள்வி: கம்பெனி ஆரம்பிக்கறேன், பல்லுயிர் ஆணைய பர்மிஷன் எங்க வாங்கணும்?

தேசிய ஆணையம் சென்னை தரமணியில இருக்கு. 2023 திருத்தத்துக்கப்புறம் யாருக்கு விலக்கு, யாருக்கு இல்லன்னு நெறைய மாறியிருக்கு, பழைய வீடியோவ பாத்து முடிவு பண்ணாதீங்க.

கேள்வி: இது சம்பந்தமில்லாம இருக்கலாம், எங்க ஊர்ல வன உரிமைச் சட்டத்துல மனு போடறாங்க. இந்த அறிவுக்கும் அதுல ஏதாவது உண்டா?

சம்பந்தமில்லன்னு யார் சொன்னா? 2006 சட்டம் பிரிவு 3(1)-ல 'கே' (k) உட்பிரிவுல பல்லுயிர், பாரம்பரிய அறிவு, அறிவுச்சொத்து மேல சமூக உரிமைன்னே எழுதியிருக்கு. சமூக உரிமை படிவத்துல அதுக்குன்னு தனி கட்டமே உண்டு, நான் பாத்த மனுவுலயெல்லாம் அத காலியா விட்டுட்டு நிலத்த மட்டும் எழுதியிருந்தாங்க. நீங்க விடாதீங்க. செடி பேரோ பக்குவமோ போடவேண்டியதில்ல, எங்க மருத்துவ அறிவு எங்க ஊருக்கு சொந்தம்னு கிராம சபை தீர்மானத்தோட ஒரு வரி எழுதினாப் போதும்.