இயற்பியலை விட்டுவிடச் சொல்லாதீர்கள்: முதலீட்டு வங்கிப் பணி குறித்து ஒரு தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் இளநிலைப் படிப்பின் முதலாம் ஆண்டில் இருக்கும் தங்கள் மகள், முதலீட்டு வங்கியாளராக விரும்புவதாகவும், அதற்காக இப்போதே நிதித்துறைப் படிப்புக்கு மாறச் சொல்லலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மாற வேண்டாம் என்பதே என் கருத்து. அந்தத் தொழிலில் பெயர் பெற்ற ஃபீலிக்ஸ் ரொஹாட்டின் என்ற இயற்பியல் பட்டதாரியின் வாழ்க்கையைக் கொண்டு அதை விளக்குகிறேன்.

முதலீட்டு வங்கியாளர் வைப்புத்தொகை வாங்கிக் கடன் கொடுப்பவர் அல்லர். ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கவோ, தன்னை விற்கவோ, பங்குகளையும் கடன்பத்திரங்களையும் வெளியிட்டுப் பணம் திரட்டவோ முனையும்போது, என்ன விலை தகும், யாரை அணுகலாம், எந்த நிபந்தனைக்கு இணங்கலாம் என்று ஆலோசனை கூறி, பேரத்தை முடித்துக் கொடுத்து, பெரும்பாலும் அது முடிந்த பிறகே கட்டணம் பெறுபவர் அவர்.

ஃபீலிக்ஸ் ரொஹாட்டின் 1928இல் வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். நாஜிகளுக்கு அஞ்சி, பின்னர் குடியேறியிருந்த பிரான்சிலிருந்தும் தப்பிய அந்தக் குடும்பம், கையிலிருந்த தங்க நாணயங்களைப் பற்பசைக் குழாய்களுக்குள் ஒளித்து எடுத்துக்கொண்டு, காசாபிளாங்கா, லிஸ்பன், ரியோ டி ஜெனிரோ வழியாக 1942இல் நியூயார்க் வந்து சேர்ந்தது. வெர்மான்ட் மாநிலத்தின் மிடில்பரி கல்லூரியில் அவர் இயற்பியல் படித்தார். பிறகு லசார்ட் என்னும் முதலீட்டு வங்கியில் சேர்ந்தார். அதன் தலைவர் ஆந்த்ரே மேயரை அவருடைய மாற்றாந்தந்தைக்குத் தெரிந்திருந்ததே அந்தக் கதவு திறக்கக் காரணம். இதை நான் மறைக்க விரும்பவில்லை, ஏனெனில் இத்தகைய வாழ்க்கை வரலாறுகளைச் சொல்பவர்கள் பரிந்துரையை விட்டுவிட்டு உழைப்பை மட்டும் எடுத்துக்காட்டுவது வழக்கமாகிவிட்டது.

ஆனால் பரிந்துரை வாசல் வரைதான் வந்தது. தொடக்கத்தில் அந்நியச் செலாவணிப் பிரிவில் இருந்த அவர், மேயரின் உண்மையான ஈடுபாடு நிறுவனங்களை வாங்கி விற்கும் பேரங்களில்தான் என்பதை உணர்ந்து அந்தப் பக்கம் மாறினார். இயற்பியல் பட்டதாரிக்கு நிதிநிலை அறிக்கையைப் பிரித்துப் படிக்கும் பயிற்சி ஏது? அதை வேலைக்குச் சேர்ந்த பிறகே கற்றார். மேயர் எளிதில் திருப்தியடையாத, கடுமையான முதலாளி. அவரிடம் பட்ட பாடே ரொஹாட்டினுக்கு மேற்படிப்பாக அமைந்தது. 1960களின் தொடக்கத்தில் அவர் லசார்டின் உரிமைக் கூட்டாளிகளில் ஒருவரானார். ஹெரால்டு ஜெனீன் தலைமையில் வாடகைக் கார் நிறுவனமான ஏவிஸ் முதல் ஹார்ட்ஃபர்டு காப்பீட்டு நிறுவனம் வரை வாங்கிக் குவித்த ஐடிடி குழுமத்துக்கு அவரே முதன்மை ஆலோசகர்.

இந்தத் தொழிலின் இடர் எங்கே இருக்கிறது என்பதையும் அதே ஹார்ட்ஃபர்டு காட்டியது. அந்த இணைப்பை எதிர்த்து அமெரிக்க அரசின் நீதித்துறை தொடுத்திருந்த வழக்கை முடித்துக்கொள்வதற்காக அவர் அத்துறையின் துணைத் தலைமை வழக்கறிஞர் ரிச்சர்டு கிளைண்டின்ஸ்டைச் சந்தித்துப் பேசியது, 1972இல் செனட் விசாரணையில் பெரும் சர்ச்சையாயிற்று. குற்றச்சாட்டு எதுவும் அவர் மீது பதிவாகவில்லை. எனினும் காரியத்தை எப்படியும் முடித்துத் தருபவர் என்ற பொருளில் பத்திரிகைகள் சூட்டிய கேலிப்பெயர் நெடுங்காலம் அவரைவிட்டு அகலவில்லை. சம்பளத்தைப் பற்றி மட்டும் கேட்கும் பெற்றோரிடம் நான் இந்தப் பகுதியைத்தான் முதலில் சொல்வேன்.

அந்தப் பெயரை மாற்றியது 1975. நியூயார்க் நகராட்சியின் கடன்பத்திரங்களை வாங்க ஆளில்லாமல், நகரமே கடனைத் திருப்பித் தர முடியாத நிலைக்கு வந்தபோது, நியூயார்க் மாநில ஆளுநர் ஹியூ கேரி ரொஹாட்டினை அழைத்தார். நகரத்துக்காகக் கடன் திரட்ட மாநில அரசு ஒரு தனி அமைப்பை உருவாக்கியது. நகரின் விற்பனை வரி வருவாயை அதன் பத்திரங்களுக்குப் பிணையாக ஒதுக்கியது. கணக்கு அவ்வளவுதான். வங்கிகள், தொழிற்சங்கங்கள், மாநில அரசு, வாஷிங்டனிலுள்ள கூட்டாட்சி அரசு ஆகிய ஒருவரையொருவர் நம்பாத தரப்புகளை ஒரே மேசையில் அமர்த்தி, ஒவ்வொருவரையும் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்கச் செய்ததுதான் அவர் செய்த வேலை. ஊதியம் முடக்கப்பட்டது, சுரங்க ரயில் கட்டணம் 35 சென்ட்டிலிருந்து 50 சென்ட்டானது, நகரப் பல்கலைக்கழகத்தின் இலவசக் கல்வி 1976இல் முடிவுக்கு வந்தது. அந்தச் சுமையில் பெரும்பங்கு ஏழைகள் மீது விழுந்தது என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. அக்டோபரில் திவால் சில மணி நேரத் தொலைவில் இருந்தபோது, ஆசிரியர் சங்கத்தின் ஓய்வூதிய நிதி 15 கோடி டாலருக்குப் பத்திரங்களை வாங்க இசைந்ததால் நகரம் தப்பியது. 1993 வரை அந்த அமைப்பின் தலைவராக இருந்த ரொஹாட்டின், 1997 முதல் 2000 வரை பிரான்சுக்கான அமெரிக்கத் தூதராகப் பணியாற்றி, 2019இல் காலமானார்.

இனி தங்கள் மகளைப் பற்றி. இன்றைய வாசல் அன்றையதைவிட முறைப்படுத்தப்பட்டது, குறுகலானது. இளநிலைப் பட்டதாரிகள் ஆய்வாளர் (அனலிஸ்ட்) என்னும் தொடக்கநிலைப் பதவியில் நுழைகிறார்கள். அந்த இடங்களுள் பெரும்பாலானவை மூன்றாம் ஆண்டுக் கோடை விடுமுறையில் பயிற்சிப் பணி செய்தவர்களுக்கே போகின்றன. அந்தப் பயிற்சிக்கான தேர்வோ ஓராண்டுக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. ஆகவே இரண்டாம் ஆண்டு தொடங்கும்போதே அவர் நிதிக் கணக்கியல் பாடம் ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். ஏதேனும் ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை முழுதாகப் படித்து, அது என்ன விலை பெறும் என்று தாமே கணக்கிட்டுப் பார்க்கட்டும். அந்த வேலை சலிப்பூட்டினால், வாரத்துக்கு 80 மணி நேரத்தைத் தாண்டும் பணியை அவர் விரும்பப்போவதில்லை என்பது இப்போதே தெரிந்துவிடும்.

விசாவைப் பொறுத்தவரை, தற்போதைய விதிப்படி, பட்டம் பெற்ற அயல்நாட்டு மாணவர் 12 மாதம் வேலை செய்யலாம். இயற்பியல், கணிதம் போன்ற பிரிவினருக்கு மேலும் 24 மாத நீட்டிப்பு உண்டு. பொதுவான நிதித்துறைப் பட்டங்களில் பலவற்றுக்கு அந்த நீட்டிப்பு கிடைக்காது. ஆனால் செய்யும் வேலை படித்த பாடத்துடன் நேரடித் தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருப்பதால், இயற்பியலுடன் கணிதத்தையோ பொருளாதார அளவியலையோ (புள்ளிவிவரங்களைக் கொண்டு பொருளாதாரத்தை ஆராயும் பாடம்) இரண்டாவது முதன்மைப் பாடமாகச் சேர்க்க இயலுமா, சேர்த்தால் வங்கிப் பணி அந்த நிபந்தனைக்குள் வருமா என்பதைக் கல்லூரியின் அயல்நாட்டு மாணவர் அலுவலகத்தில் இந்தப் பருவத்துக்குள் எழுத்துமூலம் கேட்டுப் பெறச் சொல்லுங்கள்.