கைதோடு முடிகிற கதைகள் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் பார்க்கிறேன். காலையில் அறைக்கு வந்தால் தூக்கம் வரும்வரை செல்போனில் ஏதாவது கிரைம் சீரிஸ் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. ‘சேக்ரட் கேம்ஸ்’, ‘மிர்சாபூர்’, ‘டெல்லி கிரைம்’, ‘பாதாள் லோக்’, ‘கோஹ்ரா’ எல்லாம் முடித்துவிட்டேன். தமிழில் ‘சுழல்’, ‘வதந்தி’ பார்த்தேன். இரண்டையும் எட்டு எபிசோடுக்கு இழுத்திருக்க வேண்டாம். இந்திக்காரர்கள் அளவுக்கு நம்மால் ஏன் முடியவில்லை? அதே சமயம் இந்தியில் இவ்வளவு கெட்ட வார்த்தை தேவையா?

‘கோஹ்ரா’ எனக்கு மிகவும் பிடித்தது. போலீஸை உள்ளது உள்ளபடி காட்டியிருக்கிறார்கள். அடித்தால்தான் உண்மை வரும் என்பதை மூடி மறைக்கவில்லை. என் மனைவி இதெல்லாம் வெட்டிப்பொழுது என்கிறாள். நாவல் படிப்பதற்குச் சமமாக இவற்றைச் சொல்லலாமா? அடுத்து எதைப் பார்க்கலாம்?

ர.ச.

அன்புள்ள ர.ச.,

முதலில் தூங்குங்கள். இரவெல்லாம் மெஷின் முன்னால் நின்றுவிட்டு வந்து, விடிந்ததும் விடியாததுமாகப் பிணப் பரிசோதனையைப் பார்த்துக்கொண்டிருந்தால் தூக்கம் எங்கிருந்து வரும்? உங்கள் மனைவி பக்கம் அந்த அளவுக்காவது நியாயம் இருக்கிறது.

கெட்ட வார்த்தையை விடுங்கள், ஹெட்போன்தானே. இந்தி பெரிதா தமிழ் பெரிதா என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. மயானக் கொள்ளைத் திருவிழாவைக் கதைக்குள் கொண்டுவந்த அழகுக்காகவே ‘சுழல்’ எவ்வளவு இழுத்திருந்தாலும் பொறுத்துக்கொள்வேன். நாவலுக்குச் சமமா என்று கேட்டால், ‘சேக்ரட் கேம்ஸ்’ நாவலேதான். விக்ரம் சந்திரா 2006இல் எழுதியது. தலையணை கனம். எடுத்துப் படியுங்கள், தூக்கமும் வரும்.

நான் எழுத உட்கார்ந்தது உங்கள் அந்த ஒரு வரிக்காக. ‘அடித்தால்தான் உண்மை வரும்.’ எவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டீர்கள்! ‘கோஹ்ரா’வில் போலீஸ்காரர்கள் பல்பீர் சிங்கும் கருண்டியும் அடிக்கிறார்கள், சரி. அந்த அடி அவர்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை மட்டும் கவனித்து இன்னொரு முறை பாருங்கள். ‘பாதாள் லோக்’கையும் பார்த்ததாகச் சொல்கிறீர்கள். அதில் இன்ஸ்பெக்டர் ஹாத்திராம் தெருத்தெருவாக அலைந்துகொண்டிருக்கும்போது சி.பி.ஐ. பாகிஸ்தான் சதி என்று ஒரு கதையைக் கட்டி நிருபர்கள் முன்னால் வைத்துவிடுகிறதே, அதைப் பார்த்த பிறகுமா இந்த வரி?

கொஞ்ச நாளாகவே இது என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. இந்தத் தொடர்களில் பெரும்பாலானவை கைதோடு முடிந்துவிடுகின்றன. விலங்கு மாட்டுவார்கள், இன்ஸ்பெக்டர் ஜீப்பில் சாய்ந்து பெருமூச்சு விடுவார், நமக்கும் நிம்மதி. ‘டெல்லி கிரைம்’ முதல் பாகம் 2012 டிசம்பர் 16இல் தொடங்கி சில நாட்களில் ஆறு பேரையும் பிடித்துவிடுகிறது. நிஜத்தில் அது நிர்பயா வழக்கு, விரைவு நீதிமன்றத்தில் நடந்தது. நாடே பார்த்துக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது 2017 மே மாதம், அந்த ஆறு பேரில் நால்வர் தூக்கிலிடப்பட்டது 2020 மார்ச் 20. நாடு பார்க்காத வழக்குகள் எப்படி நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?

பிடிபட்டவன் போலீஸிடம் சொல்லும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. இது இன்று நேற்று வந்த மனித உரிமைப் பேச்சு அல்ல. 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவு. நம்மை ஆண்ட வெள்ளைக்காரனே தன் போலீஸை நம்பவில்லை. 2024 ஜூலையில் சட்டத்தின் பெயரை மாற்றினார்கள், பிரிவு எண் 23 ஆயிற்று, விஷயம் அதேதான். ஒரே ஒரு விலக்கு உண்டு. அவன் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பகுதி மட்டும் செல்லும். அதனால்தான் நம் ஊர் ஸ்டேஷன்களில் எழுதப்படும் வாக்குமூலங்கள் திருட்டானாலும் கொலையானாலும் ஒரே வாக்கியத்தில் வந்து முடியும்: ‘என்னை அழைத்துச் சென்றால் மறைத்து வைத்த இடத்தைக் காட்டி எடுத்து ஆஜர் செய்கிறேன்.’ எழுதப் படிக்கத் தெரியாதவன்கூட இந்தத் தமிழைத்தான் பேசியிருப்பான், காகிதத்தில்.

அந்த வாக்கியத்துக்குக் கீழே இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போடவேண்டும். வி.ஏ.ஓ.வும் தலையாரியும். எங்கள் அப்பா வி.ஏ.ஓ.

தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்தில் ஒரு கொலை. வாய்க்கால் தகராறு, வெட்டியவன் யாரென்று ஊருக்கே தெரியும். ஒருநாள் ராத்திரி அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஏட்டையா டி.வி.எஸ். 50இல் வந்து வாசலில் நின்றார். “சார், ஐயா கூப்பிடறார். சும்மா ஒரு கையெழுத்துதான்.” அப்பா பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டுப் போனார். ஸ்டேஷன் மேஜையில் தினசரித் தாளில் சுற்றிய அரிவாள், பக்கத்தில் கார்பன் வைத்து எழுதி முடித்த மகஜர். கிணற்றடியில் கருவேலம் புதரிலிருந்து சாட்சிகள் முன்னிலையில் கைப்பற்றியதாக நேரம், திசை, பிடியின் நீளம் எல்லாம் கச்சிதமாக இருந்தது. ஆள் உள்ளே சுருண்டு கிடந்தான். அப்பா போட்டுவிட்டார். நாளைக்கு நமக்கும் அவர்களிடம் ஒரு வேலை ஆகவேண்டியிருக்கும் என்று அம்மாவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

சில வருஷங்கள் கழித்து சம்மன் வந்தது. வாய்தா, வாய்தாவாக அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸுக்குக் கிளம்புவார். வராந்தாவில் நாள் முழுக்க நிற்பார். சாயங்காலம் பேட்டாவில் எங்களுக்குப் பக்கோடா வரும். கடைசியில் ஒருநாள் டவாலி பெயரைக் கூவினார். குறுக்கு விசாரணையில் வக்கீல் சத்தமெல்லாம் போடவில்லை. கிணறு இருக்கும் திசை எது, புதருக்கு எந்தப் பக்கம் நின்றீர்கள், அரிவாளை எந்தக் கையால் எடுத்தான் என்று தணிந்த குரலில் ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். மூன்றாவது கேள்வியிலேயே அப்பா சொல்லிவிட்டார்: “நான் அங்கே போகலைங்க. ஸ்டேஷன்லதான் கையெழுத்துப் போட்டேன்.” உடனே அரசு வக்கீல் அவரைப் பிறழ்சாட்சி, அதாவது பேச்சு மாறிய சாட்சி, என்றார். அந்த வழக்கில் அவர் சொன்ன ஒரே உண்மைக்கு அந்தப் பட்டம். வெட்டியவன் விடுதலையானான். செத்தவரின் மனைவி அதன்பிறகு அடங்கல் வாங்க வந்தால்கூடப் பையனை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு வேப்பமரத்தடியில் நின்றுகொள்வார்.

யோசித்துப் பாருங்கள். அடித்ததால் ‘உண்மை’ வந்தது, ஒப்புக்கொள்கிறேன். அரிவாளும் கிடைத்தது. உண்மைதான் கைக்கு வந்துவிட்டதே, இனி எதற்குச் சாட்சி, விடியும்வரை காத்திருப்பானேன், வி.ஏ.ஓ.வைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போவானேன் என்ற மிதப்பில்தான் வழக்கு செத்தது. அடிக்கிற போலீஸுக்குப் புலனாய்வு செய்யத் தெரியாமல் போகிறது. இதை ஏன் ஒரு தொடரும் எட்டாவது எபிசோடில் காட்டுவதில்லை?

‘கிரிமினல் ஜஸ்டிஸ்’ இருக்கிறதே என்பீர்கள். பங்கஜ் திரிபாதியை எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தக் கோர்ட் ஒரு பட்டிமன்ற மேடை. பேச வேண்டியவர்கள் எல்லாம் குறித்த நேரத்துக்கு வந்து பேசிவிட்டுப் போகிறார்கள். வாய்தா கிடையாது, வராந்தா கிடையாது. சாட்சி என்றொரு ஆள் வீட்டுக்குத் திரும்பிப் போய் அதே ஊரில் வாழவேண்டும் என்பதும் கிடையாது. டெல்லியில் 1999இல் ஜெசிகா லால் சுடப்பட்டது கூட்டமாக இருந்த ஒரு விருந்தில். கோர்ட்டுக்கு வந்தபோது முக்கியமான சாட்சிகள் ஒவ்வொருவராகப் பிறழ்ந்தார்கள். 2006இல் கீழ்க்கோர்ட் எல்லோரையும் விடுவித்தது. ஊரே கொதித்த பிறகுதான் அதே வருஷம் உயர் நீதிமன்றம் தண்டித்தது. சாட்சிகளைப் பாதுகாக்க ஒரு திட்டத்தை உச்ச நீதிமன்றம் ஏற்று நடைமுறைப்படுத்தச் சொன்னதே 2018 டிசம்பரில்தான்.

‘பாதாள் லோக்’ வந்தது 2020 மே. சாத்தான்குளம் நடந்தது அடுத்த மாதம். அப்பனும் மகனும், ஜெயராஜும் பென்னிக்ஸும். என்ன உண்மையை வரவழைக்க அந்த அடி? கடையை நேரத்துக்கு மூடவில்லை என்பதா? அந்த விஷயம் வெளியே வந்தது எந்த ஹாத்திராமாலும் இல்லை. அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர் மாஜிஸ்திரேட்டிடம் பயந்து பயந்து சாட்சி சொன்னார், விடிய விடிய அடித்தார்கள் என்று. சொல்லிவிட்டுக் கையெழுத்தும் போட்டார். எனக்கு அந்தக் கையெழுத்தை வைத்து ஒரு சீரிஸ் வேண்டும். பத்து எபிசோட் இழுத்தாலும் பார்ப்பேன்.

இப்போது சோதனையையும் பொருள் கைப்பற்றுவதையும் செல்போனில் படம் பிடிக்கவேண்டும் என்று புதுச் சட்டம் சொல்கிறது. அப்பா இருந்திருந்தால் “யாரோட செல்போன்ல?” என்று கேட்டிருப்பார்.

அடுத்து எதைப் பார்க்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். ‘டிரையல் பை ஃபயர்’ பாருங்கள், 2023இல் வந்தது. 1997 ஜூன் 13, டெல்லி உபஹார் தியேட்டர் தீவிபத்து, 59 பேர் இறந்தார்கள். இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த நீலம், சேகர் கிருஷ்ணமூர்த்தி தம்பதி வருஷக்கணக்காகக் கோர்ட் ஏறி இறங்குகிற கதை. ராஜ்ஸ்ரீ தேஷ்பாண்டேயின் முகத்துக்காகவே பார்க்கலாம். ஏழு எபிசோட்தான். அடிதடி கிடையாது. விறுவிறுப்பு போதவில்லை என்று மட்டும் அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள்.