நாற்காலிக் கம்பெனியின் இரைச்சல்

கேள்வி: அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையை முறையாகக் கேட்கத் தொடங்க ஆசை. நண்பர் சொன்னாரே என்று சார்லி பேட்டனில் ஆரம்பித்தேன். பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம், ஒரு வார்த்தை விளங்கவில்லை. தரமான ஒலிப்பதிவுகளாகப் பார்த்து முதல் பத்துக் கலைஞர்களைச் சொல்வீர்களா? ராபர்ட் ஜான்சன் பிசாசிடம் ஆன்மாவை விற்றது நிஜமா?
(பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர், கரூர்)

பதில்: பத்தை அப்புறம் பார்ப்போம். எதற்கெடுத்தாலும் பத்து கேட்கிறீர்கள். பத்து நாவல், பத்து சினிமா, பத்து பிரியாணிக் கடை. பத்துப்பாட்டைத் தொகுத்தவர்கள் ஆரம்பித்துவைத்த வியாதி இது. அவர்களாவது எட்டுத்தொகை என்று கையில் இன்னொன்றும் வைத்திருந்தார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து உட்கார வைத்த சொல் ‘இரைச்சல்’. பாவம், பேட்டன் மேல் பழி போடாதீர்கள். அது ஒரு நாற்காலிக் கம்பெனியின் இரைச்சல்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அமெரிக்காவில் மிச்சிகன் ஏரிக்கரையில் போர்ட் வாஷிங்டன் என்று ஓர் ஊர். அங்கே விஸ்கான்சின் சேர் கம்பெனி. மேசை நாற்காலி செய்துகொண்டிருந்தவர்கள், கிராமபோன் வந்ததும் அதற்கு மரப்பெட்டி செய்ய இறங்கினார்கள். பெட்டி வாங்குகிறவனுக்கு அதில் போட்டுக் கேட்க ஏதாவது வேண்டுமே என்று 1917-ல் இசைத்தட்டும் போட்டார்கள். பாரமவுண்ட் என்று பெயர். சினிமாக் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குக்கர் வாங்கினால் தட்டு இலவசம் என்பார்களே, ஏறக்குறைய அந்தக் கதை. தட்டு மட்டும் இலவசமில்லை, முக்கால் டாலர்.

1920-ல் மேமி ஸ்மித் பாடிய ‘கிரேஸி ப்ளூஸ்’ ஓகே என்ற கம்பெனிக்குக் கொட்டோ கொட்டென்று கொட்டியது. கறுப்பின மக்களும் காசு கொடுத்துத் தட்டு வாங்குவார்கள் என்பது முதலாளிகளுக்கு அப்போதுதான் உறைத்தது. நாற்காலிக்காரர்களும் பின்னாலேயே வந்தார்கள். மா ரெய்னி, பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன், பேட்டன், சன் ஹவுஸ், ஸ்கிப் ஜேம்ஸ் எல்லோரும் இவர்களிடம் பாடியவர்கள்தான். நாற்காலிக்காகப் பாடியவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். நாற்காலிக் கம்பெனிக்காகப் பாடியவர்கள் இவர்கள் மட்டும்தான்.

அந்தக் காலத்துத் தட்டு அரக்கில் செய்தது. அரக்கு பெரும்பாலும் நம் நாட்டிலிருந்து போனது. சோட்டா நாக்பூர் பக்கத்து மரங்களில் பூச்சி சுரந்து வைப்பது. அதோடு கல்தூளும் இன்னபிறவும் கலந்துதான் எல்லோருமே அச்சடித்தார்கள். பாரமவுண்டின் கலவை படுமட்டம். கடையிலிருந்து வந்த புதுத் தட்டே கொரகொர என்றது. கம்பெனியை மூடியபோது மூல அச்சுத் தகடுகள் பழைய உலோக விலைக்குப் போய்விட்டன. ஆத்திரத்தில் தொழிலாளர்கள் தட்டுகளை மில்வாக்கி ஆற்றில் வீசினார்கள் என்றும் ஒரு கதை உண்டு. ஆற்றுக்குள் இறங்கித் தேடியவர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. 1942-ல் யுத்தம் காரணமாக அமெரிக்க அரசு அரக்குக்குக் கட்டுப்பாடு போட்டது. வீடுகளில் கிடந்த பழைய தட்டுகளை வாங்கி உருக்கிப் புதுத் தட்டு செய்தார்கள். அரக்கு மாளிகையிலிருந்து பாண்டவர்கள் முழுசாகத் தப்பினார்கள். பேட்டன் தப்பியது பாதிதான்.

ஆகவே இன்று உங்கள் காதில் விழுவது, எங்கோ ஒரு வீட்டு முன்னறையில் ஆணி மாதிரி ஊசி வைத்து ஓட்டித் தேய்த்த ஏதோ ஒரு தட்டு. இரைச்சலில் பாதி கம்பெனியின் கஞ்சத்தனம். மீதிப் பாதி, அந்த வீட்டில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டவர்களுடையது. வார்த்தை விளங்காததற்கும் வருத்தப்படாதீர்கள். கூடவே வாசித்த சன் ஹவுஸுக்கே, காலடியில் உட்கார்ந்து கேட்டாலும் பேட்டன் பாடுவது புரியாதாம். பேட்டன் 1929 ஜூனில் ஒரே நாளில் 14 பாட்டுப் பதிந்தார். அதில் ‘போனி ப்ளூஸ்’ என்று ஒன்று. அடுத்த முறை வார்த்தையை விட்டுவிட்டுக் கட்டை விரல் தந்தியை அடிக்கிற அடியை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள்.

ஆரம்பம் பெஸ்ஸி ஸ்மித்தாக இருந்திருக்கலாம். 1925 ஜனவரியில் அவர் கொலம்பியா கம்பெனிக்குப் பாடிய ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’. மைக் வருவதற்கு முந்தைய பதிவு, பெரிய குழாய்க்குள் பாடியது. மாலைச் சூரியன் இறங்குவதைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று ஒரு வரி. அதையே மறுபடி பாடுவார். மூன்றாவது வரியில்தான் காரணம் வரும்: இதுவே தன் கடைசிச் சுற்று என்று தோன்றிவிடுகிறது. ப்ளூஸ் பாட்டு பெரும்பாலும் இந்தக் கட்டுமானம்தான். ஒருமுறை சொன்னால் யார் காதில் விழுகிறது? ஒவ்வொரு வரியும் முடிந்த இடைவெளியில் இருபத்து மூன்று வயது லூயி ஆம்ஸ்ட்ராங் கார்னெட் என்ற ஊதுகுழலில் பதில் சொல்வார். கூட அழுகிற பதில் அது, ஆறுதல் சொல்கிற பதில் இல்லை. பின்னணியில் ஒரே ஒரு வாத்தியம் சுருதியை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும். என்ன வாத்தியம் என்கிறீர்கள்?

ஆர்மோனியம்!

சாட்சாத் ஆர்மோனியம். வாசித்தவர் ஃபிரெட் லாங்ஷா. ஆர்மோனியத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் முன்பு எழுதியதற்கு, ‘நாடகக் கொட்டகைப் பெட்டிக்கு வக்காலத்தா?’ என்று இன்றுவரை திட்டுக் கடிதம் வந்துகொண்டிருக்கிறது. நம் வானொலி 1940-ல் அதைத் தள்ளிவைத்து 1971 வரை உள்ளே விடவில்லை. கமகம் வராது, ஸ்வரங்களுக்கு நடுவே நுழையத் தெரியாது, வெள்ளைக்காரன் பெட்டி என்றெல்லாம் குற்றப்பத்திரிகை. சரி, ஸ்வரத்துக்கு நடுவே நுழைவதையே தொழிலாக வைத்திருக்கிறவர்கள் ப்ளூஸ் பாடகர்கள். பெஸ்ஸி ‘சன்’ என்ற சொல்லை எங்கே ஆரம்பித்து எங்கே கொண்டுபோய் வளைத்து இறக்குகிறார் என்று பாருங்கள். பெட்டி அசையாமல் நிற்பதால்தான் அந்த வளைவே நமக்குத் தெரிகிறது. கம்பமில்லாமல் கொடி எங்கே படரும்? திட்டியவர்கள் அந்த மூன்று நிமிடத்தைக் கேட்டுவிட்டு மறுபடி திட்டலாம்.

எங்கே விட்டேன்? தரமான பதிவு. மிஸிஸிப்பி ஜான் ஹர்ட் கேளுங்கள். 1928-ல் ஓகேக்குப் பதிந்தவை, இரைச்சல் குறைவு. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரல். தட்டுகள் விற்கவில்லை, மனிதர் விவசாய வேலைக்குத் திரும்பிவிட்டார். 35 வருஷம் யாருக்கும் அவர் இருக்கிற இடம் தெரியாது. விலாசத்தைப் பாட்டிலேயே கொடுத்திருந்தார்: ‘அவலான் என் சொந்த ஊர்’. 1963-ல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அங்கே போய் இறங்கினார். ஹர்ட் அங்கேயேதான் இருந்தார். வந்தவரைப் போலீஸ் என்று நினைத்துப் பயந்தாராம். ‘ஸ்பைக் டிரைவர் ப்ளூஸ்’ கேட்டால், இவரா போலீஸுக்குப் பயப்பட வேண்டியவர் என்று தோன்றும்.

மறு வருஷம் சன் ஹவுஸ் அகப்பட்டார். கிதாரைத் தொட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது, தன் பாட்டே மறந்துபோயிருந்தது. ஆல் வில்சன் என்ற இருபது சொச்சம் வயதுப் பையன் பழைய தட்டுகளைக் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருந்தான். அவன் உட்கார்ந்து வாசித்துக் காட்ட, பெரியவர் தன் பாட்டைத் தானே திரும்பக் கற்றுக்கொண்டார். சுவாமிமலைக் கதைதான். இங்கே தகப்பன் பெயர்தான் ‘சன்’. 1965-ல் கொலம்பியாவுக்கு அவர் செய்த பதிவில் ‘ஜான் தி ரெவலேட்டர்’ உண்டு. கிதார் கிடையாது, குரலும் கைதட்டலும் மட்டும். கைதட்டு ஒழுங்காகத் தாளத்தில்கூட விழாது. இரவில் கேட்காதீர்கள்.

பிசாசு விஷயம். நாற்சந்தியில் பிசாசிடம் ஆன்மாவைக் கொடுத்துக் கிதார் வித்தை வாங்கிய அந்தக் கதை முதலில் டாமி ஜான்சன் என்ற வேறொருவரைப் பற்றி அவருடைய அண்ணன் தம்பிகளில் ஒருவர் சொன்னது. பிற்பாடு ராபர்ட் தலையில் ஏறிக்கொண்டது. ராபர்ட்டின் ‘கிராஸ் ரோடு ப்ளூஸ்’ பாட்டிலேயே பிசாசு கிடையாது. முழங்காலிட்டுக் கடவுளைக் கூப்பிடுகிறார். போகிற வண்டியை மறிக்கப் பார்க்கிறார், யாரும் ஏற்றிக்கொள்ளவில்லை, பொழுது சாய்கிறது. அவ்வளவுதான். அவருக்கு வித்தை வந்த வழி ஐக் ஸிம்மர்மன் என்ற வாத்தியார். இரவுகளில் கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து இருவரும் சாதகம் செய்தார்கள். காளமேகத்துக்கு அம்பாள் தாம்பூலம் உமிழ்ந்தாள் என்போம், ராபர்ட்டுக்குப் பிசாசு சுருதி சேர்த்துக் கொடுத்தது என்பார்கள். வாத்தியாரை விட்டுவிடுவதில் எல்லா ஊரும் ஒரே ஊர்தான். 1936-லும் 1937-லுமாக டெக்சஸில் பதிந்தது 29 பாட்டு, மறு வருஷம் 27 வயதில் செத்துப்போனார். அந்தப் பதிவுகள் தெளிவாகவே இருக்கும், பாரமவுண்ட் இல்லையே.

இனி உங்கள் பத்து. இதுவரை சொன்னவர்களை நீங்களே எப்படியும் தேடுவீர்கள், கணக்கில் சேர்க்கவில்லை. ஜான் லீ ஹூக்கர், டெட்ராய்ட். 1948-ல் ‘பூகி சில்லன்’: ஒரு குரல், ஒரு மின் கிதார், பலகையில் தட்டும் ஒரு கால். ஒப்பந்தம் ஒரு கம்பெனியோடு. காசு கொடுத்தால் எந்தக் கம்பெனிக்கும் வேறு பெயரில் பாடிவிட்டு வருவார். டெக்சஸ் ஸ்லிம், டெல்டா ஜான், பர்மிங்ஹாம் சாம், ஜானி வில்லியம்ஸ், பூகி மேன். கற்பனை வறண்டபோது ஜான் லீ புக்கர். அதுவும் வறண்டபோது ஜான் லீ குக்கர். சொந்தப் பெயரோடு எட்டாயிற்று. சன்னி பாய் வில்லியம்சன் என்று ஒரே பெயரில் மவுத் ஆர்கன்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள், ஒருவர் பெயரை இன்னொருவர் எடுத்துக்கொண்டது. இருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து.